சத்திரத்துத் திண்ணையில் நடந்த பேச்சு

மழை வருமா, மாடு தேறுமா, வழியில் என்ன நேர்ந்தது என்னும் மூன்று விசாரங்களும் வேலையற்றவர்கள் பொழுதைப் போக்குவதற்காகப் பேசும் பேச்சு என்று கருதி ஒதுக்கிவிடுவது படித்தவர்களிடையே வழக்கமாகிவிட்டது. அரசர்களின் படையெடுப்புகளையும் உடன்படிக்கைகளையும் வருஷ வாரியாக எழுதி வைத்த சரித்திர ஆசிரியர்கள், அந்தப் படைகள் நடந்துபோன அதே பாதையில் கூண்டு வண்டி ஓட்டிச் சென்ற குடியானவன் இரவில் எங்கே தங்கினான், யாரோடு பேசினான், என்ன பேசினான் என்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதினாரில்லை. ஆயினும் தமிழ்நாட்டில் ரயில் வருவதற்கு முன்னிருந்த வழிநடைப் பிரயாணத்தை ஆராய்ந்து பார்த்தால், சத்திரத்துத் திண்ணையிலும் சாவடி மரத்தடியிலும் நடந்த அந்தச் சம்பாஷணை வெறும் வம்பன்று, தபாலும் பத்திரிகையும் வானிலை நிலையமும் இல்லாத காலத்தில் அவை மூன்றும் செய்யவேண்டிய காரியத்தைத் தானே செய்துவந்த ஓர் ஏற்பாடு என்பது விளங்கும்.

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததன்று. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளாக இருப்பதை நினைத்துப் பார்க்கலாம். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரே பசியோடு வரும் மற்றொருவனை நிறுத்தி, இன்ன வழியாகப் போ, இன்ன ஊரில் இன்ன சோறு கிடைக்கும், இன்ன இடத்தில் எச்சரிக்கையாக இரு என்று சொல்வதுதான் அவற்றின் அமைப்பு. செங்கண்மாவில் இருந்த நன்னனைப் பாடிய மலைபடுகடாத்தில், பன்றிக்காகத் தினைப்புனத்தில் வைத்த பொறிகளும், புற்களுக்கிடையே மறைந்து கிடக்கும் பாம்புகளும், கால் வைத்தால் வழுக்கும் பாறைகளும், யானையை ஓட்டுவதற்காகப் பரண்மேலிருந்து எறியும் கவண்கற்கள் தவறி வந்து விழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைக்கப்படுகின்றன. அரசனைப் புகழ்வதுதான் பாட்டின் நோக்கம் என்று புலவர்கள் சொல்லலாம்; ஆனால் அதன் உடல் முழுவதும் வழிப்போக்கன் வழிப்போக்கனுக்குச் சொல்லும் க்ஷேம சமாசாரமே.

அக்காலத்தில் நெடுவழியில் மிகுதியாக நடமாடியவர்கள் உமணர் என்னும் உப்பு வணிகர்கள். கடற்கரை உப்பை வண்டியிலேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றிவந்த இவர்கள், குடும்பத்தையும் குடித்தனத்தையும் வண்டியிலேயே வைத்திருந்தார்கள். பெரும்பாணாற்றுப்படை காட்டும் உப்பு வண்டியில் கோழிக்கும் ஓர் இடம் உண்டு; கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணே எருதுகளை ஓட்டிவருகிறாள். சிறுபாணாற்றுப்படையிலோ, உமணர் பிள்ளையைப்போல் வளர்த்த குரங்கொன்று, அவர்களுடைய குழந்தைகளோடு கூடி, கிளிஞ்சலுக்குள் முத்தை இட்டுக் கிலுகிலுப்பையாக்கி விளையாடுகிறது. வளர்ப்புப் பிராணியோடு பிரயாணம் செய்வது இக்காலத்து ரயில்வேக்காரர்களுக்குத்தான் ஒரு பிரச்சினை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அதற்குத் தனிச் சீட்டு எவரும் கேட்கவில்லை.

வழியில் நேரும் விபத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் புத்தியும் இவர்களிடமிருந்தே இலக்கியத்துக்கு வந்தது. ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடிய புறநானூற்றுப் பாட்டில், எருதுகள் இளையவை, நுகம் அறியாதவை, பாரமோ அதிகம், பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போது என்ன நேருமோ என்று கருதி உமணர் வண்டியின் அடியில் கட்டி வைத்த மாற்றச்சை அவனுக்கு உவமையாகச் சொல்கிறார். ஓர் அரசிளங்குமரனுக்கு இதைவிடத் தக்க உவமை வேறு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். அச்சு முறிந்து நடுவழியில் நின்றவர்களின் அனுபவம் அந்தப் பாட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அந்த அனுபவம் ஔவையாரின் காதுக்கு எந்த வழியாக வந்திருக்கும் என்று யோசித்தால், அவரும் ஊர் ஊராக நடந்தவர், வழியோரத்தில் உட்கார்ந்து பேசியவர் என்பதே விடை.

இந்தப் பேச்சுக்குக் கூரையும் திண்ணையும் கட்டிக் கொடுத்தவர்கள் பிற்காலத்து அரசர்களும் தர்மவான்களும். மதுரையை 1689 முதல் பேரனுக்காக ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகள் அமைத்து இருமருங்கும் மரம் வைத்ததையும் சத்திரம் கட்டியதையும் தென்பாண்டி நாட்டார் இன்றும் பேசுவார்கள்; மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பேரால் விளங்கும் சத்திரத்தைப் பார்க்காத யாத்திரிகர் இல்லை. சேது காவலர் என்ற பொருளில் பட்டம் தரித்த ராமநாதபுரத்துச் சேதுபதிகள் தங்கள் சீமையில் ராமேசுவர யாத்திரிகர்களுக்காக மடங்களும் சத்திரங்களும் வைத்து நடத்தினார்கள். எல்லாரினும் விஸ்தாரமாக இந்தத் தர்மத்தை நடத்தியவர்கள் தஞ்சாவூர் மராட்டிய மன்னர்களே. தஞ்சையிலிருந்து ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, ராஜாமடம் வழியாகக் கடற்கரையை அடைந்து, மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று தெற்கே இறங்கி மண்டபத்தில் முடியும், ஏறக்குறைய 150 மைல் நீளமுள்ள அந்த ராஜபாட்டையில் அவர்கள் கட்டிய சத்திரங்கள் பல. தங்கள் அரண்மனைப் பெண்களின் பெயரால் அவர்கள் சத்திரங்களை நிறுவினார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம். சேதுபாவாசத்திரம் என்ற ஊருக்குப் பெயரே சத்திரத்தால் வந்தது.

இந்தச் சத்திரங்களில் என்ன நடந்தது என்பதற்கு மன்னரின் வாக்குமூலமே நமக்குக் கிடைத்திருக்கிறது. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கும்பெனியார் கைக்குப் போய், தஞ்சைக் கோட்டையும் அதைச் சுற்றிய சிறு பகுதியும் மட்டும் எஞ்சிய நிலையில், இரண்டாம் சரபோஜி மன்னர் சத்திரங்களைத் தம் பொறுப்பிலேயே விட்டுவைக்க வேண்டுமென்று 1801ஆம் ஆண்டில் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ராஜ்யம் போனதைக் காட்டிலும் சத்திரம் போவதற்கு அவர் அதிகமாக வருந்தினார் என்று அதைப் படிப்பவர்களுக்குத் தோன்றும். பிராமணர் முதல் பறையர் ஈறாக வரும் யாத்திரிகர் அனைவருக்கும் அன்னம் அளிக்கப்படுவதையும், நள்ளிரவில் மணியடித்து இன்னும் சாப்பிடாதவர் உண்டா என்று அழைப்பதையும், நோயுற்றவர்களுக்கு வைத்தியர் இருப்பதையும், குழந்தைகளுக்குப் பால் கொடுப்பதையும், வழியில் கர்ப்பவதிகள் பிரசவித்தால் மூன்று மாதம்வரை வைத்துப் பாதுகாப்பதையும், இறந்துபோனவர்களுக்கு அவரவர் ஜாதி ஆசாரப்படி கிரியை செய்விப்பதையும் அவர் அதில் விவரிக்கிறார். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று நடந்தே போகும் யாத்திரையில் மனிதனுக்கு நேரக்கூடிய விபத்துகளின் முழு ஜாபிதாவும் அந்த ஒரு கடிதத்தில் அடங்கிவிடுகிறது.

மன்னர் எழுதாமல் விட்டது ஒன்றுண்டு: பந்தியில் சோறு உண்டு எழுந்த யாத்திரிகனும், வாசலில் மாட்டை அவிழ்த்துக் கட்டிய வண்டிக்காரனும் திண்ணைக்கு வந்து உட்கார்ந்த பிறகு நடந்த பேச்சு. அது எப்படி நடந்திருக்கும் என்பதை அறிவதற்கு அந்த வழியின் தன்மையை அறிந்தால் போதும். அக்கினியாறு, தெற்கு வெள்ளாறு, பாம்பாறு, கோட்டைக்கரையாறு என்று மேற்கிலிருந்து வந்து கடலில் விழும் சிற்றாறுகளை ஒவ்வொன்றாகக் கடந்துதான் அந்தப் பாதை தெற்கே செல்கிறது. வருஷத்தில் எட்டு மாதம் இவற்றில் மணல்தான் ஓடும். ஐப்பசி கார்த்திகையில் உள்நாட்டில் எங்கேயோ பெய்த மழைக்கு, வானம் வெளிவாங்கி வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து இறங்கும். பாலம் கிடையாது. தெற்கேயிருந்து வருபவன் சொன்னாலன்றி வடக்கேயிருந்து போகிறவனுக்கு ஆற்றின் நிலைமை தெரிவதற்கு வேறு மார்க்கம் இல்லை.

“வெள்ளாற்றில் தண்ணி எப்படி அண்ணே?” என்று இளையவன் ஒருவன் கேட்பான்.

“காலையில் முழங்கால், நான் ஏறும்போது இடுப்புக்கு வந்துவிட்டது தம்பி. மேற்கே இடிக்கிறது. ராத்திரி இறங்காதே, விடியட்டும்.”

இவ்வளவுதான் பேச்சு. ஆனால் இதைக் கேட்காமல் போனவன் வண்டியோடும் மாட்டோடும் கடலுக்குப் போயிருப்பான். ஆகையால் திண்ணையில் வந்து உட்கார்ந்தவனிடம் முதலில் கேட்பது ஊரும் பேரும் என்றால், இரண்டாவது கேட்பது மழையாகத்தான் இருக்கும்; அதைக் கேட்பது மரியாதைக்காக மட்டுமன்று.

மழையைப் பற்றிய சாஸ்திரமும் இந்தத் திண்ணைகளில்தான் ஊருக்கு ஊர் பரிமாறப்பட்டது. மார்கழியில் மேகம் கருக்கொள்ளும் நாட்களைக் கணக்கிட்டு, அந்நாட்களில் காற்றும் மூட்டமும் இருந்த விதத்தைக் கொண்டு வரப்போகும் வருஷத்து மழையை நிர்ணயிக்கும் கர்ப்போட்ட விதியை ஜோசியர்கள் சொல்வார்கள். சித்திரைப் பிறப்பன்று கோயிலில் பஞ்சாங்கம் படிக்கும்போது மேகாதிபதி யார், எத்தனை மரக்கால் மழை என்பதை ஊரார் கூடிக் கேட்பார்கள். ஆனால் வண்டிக்காரனுக்கு வருஷத்து மழையைப் பற்றிக் கவலையில்லை, அன்றிரவு மழையைப் பற்றித்தான் கவலை. அதற்கு அவன் வைத்திருந்த சாஸ்திரம் வேறு. தட்டான் தாழப் பறக்கிறதா, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுகிறதா, நிலவைச் சுற்றிய வட்டம் கிட்டத்தில் இருக்கிறதா எட்டத்தில் இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பான். தொண்டிக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டிப் போகும்போது, வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும் மீனவர்கள் சொல்வதைக் கேட்பான். இவற்றில் சில பலிக்கும், சில பலிக்காது. எறும்பின்மீது எனக்கு உள்ள நம்பிக்கை மேகாதிபதியின்மீது இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். கும்பெனியார் சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டிலேயே வானாராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார்கள் என்பது உண்மையே. ஆனால் அங்கே எழுதி வைத்த குறிப்பால் வெள்ளாற்றங்கரையில் நின்ற வண்டிக்காரனுக்கு எந்தப் பிரயோஜனமும் ஏற்படவில்லை. இந்தியா முழுவதற்கும் ஒரு வானிலை இலாகா ஏற்பட்டதே 1875இல்தான்.

மழைக்கு அடுத்தபடி மாடு. வழிநடைப் பேச்சில் மிகுந்த ருசியோடு பேசப்பட்ட விஷயம் இதுதான். சத்திரத்து வாசலில் பத்து வண்டி நின்றால் இருபது மாடு நிற்கும்; இருபதும் ஒரே ஜாதியாக இரா. சோழநாட்டு வண்டியில் உம்பளச்சேரி மாடு பூட்டியிருக்கும். சேற்று வயலில் உழுவதற்கென்றே வாய்த்த குட்டைக் கால், கன்றிலேயே கொம்பைத் தீய்த்துவிடுவதால் மொட்டைத் தலை, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. கொங்கு நாட்டிலிருந்து வந்த பாரவண்டியில் வெளுத்த மயிலைக் காங்கேயம் காளைகள் திமிலை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். மதுரைப் பக்கத்து வண்டியில் புலிக்குளத்து மாடு, கோபத்தோடு தலையை ஆட்டும். எந்த மாட்டுக்கு எது பலம், எது பலவீனம் என்பதைப் பற்றி விடியவிடிய வாதம் நடக்கும். அந்தியூர்க் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையிலும் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் சந்தையிலும் என்ன விலை போயிற்று, தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேசிய பேரம் எப்படி முறிந்தது, வாங்கிய மாட்டுக்கு எத்தனை பல், சுழி சுத்தமா என்றெல்லாம் விசாரணை நடக்கும். சுழி பார்ப்பதைப் பற்றி நவீன காலத்தவர் சிரிக்கலாம். ஆனால் சுழி பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு மாட்டை நாலு பக்கமும் சுற்றி வந்து, குளம்பையும் கழுத்துப் புண்ணையும் கண்ணோட்டத்தையும் கவனித்துவிடும் வியாபாரியின் சாமர்த்தியத்தை மறுக்க முடியாது.

மாட்டைப் பற்றிய பேச்சிலும் காரியம் இருந்தது. கப்பி போட்ட சாலையில் லாடம் இல்லாமல் மாடு நாலு காதம் நடவாது. மாட்டைக் கயிறு கட்டிக் கீழே சாய்த்து, குளம்பு நோகாமல் ஆணி இறக்கத் தெரிந்த லாடக்காரன் எந்த ஊரில் இருக்கிறான் என்பது, மனிதனுக்கு வைத்தியன் எங்கே இருக்கிறான் என்பதைவிட முக்கியமான சமாசாரம். எந்தக் குளத்துத் தண்ணீரைக் குடித்தால் மாட்டுக்குக் கழிச்சல் காணும், எந்தக் கிராமத்தில் கோமாரி பரவியிருக்கிறது, எங்கே வைக்கோல் கிடைக்கும் என்பவை அடுத்தவை. நம் முன்னோர்கள் முப்பத்திரண்டு அறங்களை எண்ணியபோது மாடு உடம்பு உராய்ந்துகொள்வதற்காகக் கல் நட்டு வைப்பதையும் ஓர் அறமாகச் சேர்த்திருக்கிறார்கள். ஆவுரிஞ்சுகல் என்று பெயர் பெற்ற அந்தக் கற்கள் குளத்தங்கரைகளில் இன்றும் சில இடங்களில் நிற்கின்றன. நாள் முழுதும் நுகத்தடி அழுத்திய கழுத்தைச் சொறிந்துகொள்ள மாட்டுக்குக் கை இல்லையே என்று இரங்கிய ஜனங்கள், மாட்டைப் பற்றி இரவெல்லாம் பேசியதில் வியப்பென்ன? வண்டியின் அடியிலேயே நிழல் பார்த்து நடந்துவந்து, இரவில் அங்கேயே படுத்துக் காவல் காக்கும் நாயைப் பற்றி இவ்வளவு பேச்சு இல்லை. அதற்குச் சோறு வைத்தார்கள், பெருமை வைக்கவில்லை. கோம்பை, ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று நாயின் ஜாதியைப் பேசுவது ஜமீன்தார்களின் பொழுதுபோக்கு.

மூன்றாவது விஷயமாகிய விபத்தைப் பற்றிச் சொல்லப் புகுந்தால், கடையாணி கழன்று சக்கரம் தனியே ஓடிப்போனது முதல், கரிசல் சேற்றில் வட்டை குடம்வரை புதைந்து நின்றது, அச்சுக்கு மை இடாமல் ஓட்டி அது சூடேறி முறிந்தது, வண்டிக்காரன் உறங்கிப்போக மாடுகள் பழக்கத்தால் பழைய எஜமானின் ஊருக்கே திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்தது, மேட்டிலிருந்து இறங்கும்போது குடைசாய்ந்து சம்பந்தியம்மாள் வைக்கோற்போரின்மேல் விழுந்தது ஈறாக ஆயிரம் உண்டு. இவற்றைச் சொல்பவர்கள் வருத்தத்தோடு சொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உயிர் பிழைத்து வந்து திண்ணையில் உட்கார்ந்த பிறகு விபத்து கதையாகிவிடுகிறது. கதையாகிவிட்டால் அதைக் கொஞ்சம் பெருக்கிச் சொல்வதற்கு யாருக்குத்தான் ஆசையிராது? திருடர் பயத்தைப் பற்றி மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். இன்ன தோப்பை இருட்டுவதற்குள் தாண்டிவிடு, நாலு வண்டி சேர்ந்தால் புறப்படு என்று முடிப்பார்கள். வண்டிகள் சாரிசாரியாகக் கோத்துப் போன வழக்கமே இதனால் ஏற்பட்டது.

இந்தப் பேச்சு காற்றோடு போகாமல் ஏட்டில் ஏறியதற்கு உதாரணம் ஒன்று உண்டு. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷி உத்தியோகம் பார்த்த ஏனுகுல வீராசாமி என்பவர், பெரிய பரிவாரத்தோடு பல்லக்கில் 1830ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னையை விட்டுப் புறப்பட்டு, காசிக்குப் போய் 1831 செப்டம்பரில் திரும்பினார். வழியெங்கும் தாம் கண்டதைத் தெலுங்கில் நண்பருக்கு எழுதி அனுப்பியதே பின்னர் காசி யாத்திரைச் சரித்திரமாக அச்சாயிற்று. அதில் க்ஷேத்திர மகிமையும் தத்துவ விசாரமும் உண்டு. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் வருவது, இந்த ஊரிலிருந்து அந்த ஊர் இத்தனை தூரம், பாதை கல்லா மணலா, சத்திரம் உண்டா, தண்ணீர் நல்லதா, கடையில் என்ன சாமான் அகப்படும், எந்த ஓடை மழைக்காலத்தில் வழி மறிக்கும் என்னும் குறிப்புகளே. பின்னால் வருபவனுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆற்றுப்படைக்காரனின் கவலையும் சத்திரத்து வண்டிக்காரனின் கவலையும் இந்தக் கனவானிடத்திலும் இருந்தது.

சத்திரத்தைப் புகழ்ந்துகொண்டே போனால் உண்மைக்கு மாறாகிவிடும். எல்லாருக்கும் சோறு என்று சரபோஜி மன்னர் எழுதியது மெய்யாகவே இருக்கலாம். எல்லாருக்கும் ஒரே பந்தி என்று அவரும் எழுதவில்லை. சமைத்த அன்னம் சிலருக்கு, உலுப்பையாக அரிசி பருப்பு சிலருக்கு; உள்கட்டு சிலருக்கு, வாசல் மரத்தடி சிலருக்கு. திண்ணையில் ஏறி உட்காரும் உரிமை எல்லாருக்கும் இருந்ததில்லை. பெண்கள் பேசியது உள்ளே, சமையற்கட்டுக்கு அருகில். அது எந்த ஏட்டிலும் ஏறவில்லை. வெள்ளாற்றில் எவ்வளவு தண்ணீர் என்பதை ஆற்றங்கரையிலேயே குடியிருந்து நன்றாக அறிந்தவன், தெருவில் நின்று உரக்கச் சொல்லிவிட்டுப் போகவேண்டியிருந்த காலம் அது.

ரயில் வந்தது. தென்னாட்டில் முதலாவதாக 1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு வண்டி ஓடிற்று. 1861இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே பாதை ஏற்பட்டது. 1902இல் மதுரையிலிருந்து மண்டபம்வரை தண்டவாளம் போயிற்று. முன்னொரு காலத்தில் நடந்தே கடக்கக்கூடியதாக இருந்து 1480ஆம் ஆண்டுப் புயலில் உடைந்து போயிற்று என்று கோயில் குறிப்பால் சொல்லப்படும் பாம்பன் கால்வாயின்மீது 1914 பிப்ரவரியில் பாலம் திறக்கப்பட்டதும், தஞ்சை ராஜபாட்டையின் யாத்திரை ஏறக்குறைய முடிந்துபோயிற்று. நாட்கணக்கில் நடந்த தூரத்தை ஒரு பகலில் கடப்பவனுக்கு வெள்ளாற்றுத் தண்ணீரைப் பற்றி விசாரம் எதற்கு? சத்திரங்களில் சில பள்ளிக்கூடமாயின, சில விடுதியாயின, சில வௌவால்களின் வாசஸ்தலமாயின.

ஆனால் பேச்சு நின்றுவிடவில்லை. மூன்றாம் வகுப்பு வண்டிக்குள் ஏறிக்கொண்டது. அங்கே ஒரு புதுமையும் நிகழ்ந்தது. திண்ணையில் யார் அருகில் யார் உட்காரலாம் என்பதை ஊர் விதித்தது. மூன்றாம் வகுப்புப் பலகையில் அதை டிக்கட்டு விதித்தது. திண்ணையில் ஏற முடியாதவன் ரயிலில் ஏறி, ஏறியவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் பக்கம் மழை எப்படி என்று கேட்கக்கூடிய நிலை முதன்முதலாக அப்போதுதான் வந்தது. ரயில்வே சிற்றுண்டிச்சாலைகளில் மட்டும் பிராமணர்களுக்குத் தனி இடம் நெடுநாள் நீடித்து, சுயமரியாதை இயக்கத்தாரின் கிளர்ச்சிக்குப் பிறகு 1941இல் தென்னிந்திய ரயில்வேயில் ஒழிந்தது. சத்திரம் போனதற்காகக் கண்ணீர் விடுபவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பேச்சின் காரியம் குறைந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கால அட்டவணை ஆற்றையும் மழையையும் விசாரித்துவிட்டதாகப் பிரயாணி நம்பினான். ஆகவே மழைப் பேச்சு பொழுதுபோக்காயிற்று. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடிய பஸ்கள் மேட்டுக்கு மேடு நின்று, பிரயாணிகள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனபோது, விபத்துக் கதைகளுக்குச் சிறிது காலம் புத்துயிர் வந்தது. மற்றப்படி வானொலியில் வானிலை அறிக்கை வரும், துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள், பத்திரிகையில் மறுநாள் படித்துக்கொள்ளலாம் என்ற தைரியம் எல்லாருக்கும் உண்டாயிற்று.

அந்தத் தைரியம் எல்லாச் சமயத்திலும் காப்பாற்றவில்லை. 1956 நவம்பர் 23ஆம் தேதி விடியற்காலையில், மருதையாற்றில் வந்த வெள்ளம் அரித்துவிட்ட பாலத்தின்மேல் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஏறி அரியலூருக்கு அருகே ஆற்றில் விழுந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடிக்குச் சென்ற பாசஞ்சர் வண்டியைக் கடல் வாரிக்கொண்டு போயிற்று. அதிலிருந்தவர் ஒருவரும் மீளவில்லை. ஊரும் அழிந்தது, தலைமன்னாருக்குப் போய்வந்த கப்பல் துறையும் அழிந்தது. இந்த இரண்டு வண்டிகளிலும் இருந்தவர்கள் அன்றிரவு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். ஆனால் எதிரே ஆற்றைக் கடந்து வந்து, “ராத்திரி இறங்காதே தம்பி” என்று சொல்வதற்கு அந்தப் பாதையில் ஆள் இல்லை. பழைய வழியே பத்திரமான வழி என்று இதனால் நான் வாதிக்க வரவில்லை. வண்டிப்பாதையில் செத்தவர்களை எவரும் எண்ணி வைக்கவில்லை. ஆற்றங்கரையில் குடியிருப்பவன் வாயிலிருந்து வரும் செய்தியை வண்டி ஓட்டுபவனின் காதுக்குக் கொண்டுபோகும் வழி ஒன்று முன்பு இருந்தது, அதற்கு ஈடான ஒன்றை ஏற்படுத்துவதற்கு முன்பே அது அற்றுப்போயிற்று என்றுதான் சொல்கிறேன்.

இன்று அந்த வழியின் அடையாளமாக எஞ்சியிருப்பவை சத்திரங்களைவிடச் சுமைதாங்கிகளே. பிள்ளை பெறாமல் வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக, தலைச்சுமைக்காரர்கள் பிறர் கையுதவியின்றி மூட்டையை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்காக, ஆள் உயரத்தில் இரண்டு கல்லை நட்டுக் குறுக்கே ஒரு கல்லை வைத்துக் கட்டியவை அவை. சிலவற்றில் இறந்தவரின் பெயரும் வைத்தவரின் பெயரும் வருஷமும் வெட்டப்பட்டிருக்கின்றன. சாலையை அகலப்படுத்துகிறவர்கள் இவற்றை இடையூறு என்று கருதிப் பெயர்த்துப் போடுகிறார்கள். உங்கள் ஊர் எல்லையில் அப்படி ஒன்று நின்றால், அது பெயர்க்கப்படுவதற்கு முன் அதன் எழுத்தைப் படியெடுத்து, அதன் அருகில் வண்டி அவிழ்த்துத் தங்கியவர்கள் யாராவது உயிரோடிருந்தால் அவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதையும் சேர்த்து எழுதி வையுங்கள்.